ரிக்கி நெல்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களின் ராக் அண்ட் ரோல் பற்றிப் பேச்சு வந்தால் எல்விஸ் பிரஸ்லி, சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட், பட்டி ஹாலி என்று பெயர்கள் வரிசையாக வரும். ரிக்கி நெல்சன் பெயர் கடைசியில்தான் வரும். சில சமயம் வராமலே போய்விடும். வந்தாலும் "அந்த டிவி பையனா?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். அவரைப் பற்றி இசைப் பிரியர்களிடம் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அவருடைய ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர்களுக்கும் புரியும்படிதான் பதில்கள் இருக்கின்றன.

யார் இந்த ரிக்கி நெல்சன்?

முழுப்பெயர் எரிக் ஹிலியர்ட் நெல்சன். 1940 மே 8 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டீனெக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஆசி நெல்சன் நடன இசைக்குழு நடத்தியவர். அம்மா ஹாரியட் ஹிலியர்ட் அந்தக் குழுவின் பாடகி. அண்ணன் டேவிட்.

1944-இல் ஆசியும் ஹாரியட்டும் தங்கள் குடும்பத்தையே கதையாக்கி வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வேடத்தில் முதலில் வேறு சிறுவர்கள் பேசினார்கள். 1949-இல் டேவிட்டும் ரிக்கியும் தங்கள் பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுக்க வந்தார்கள். 1952 அக்டோபரில் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஆசி அண்ட் ஹாரியட்' என்ற பெயரில் ஏபிசி தொலைக்காட்சிக்குப் போன அந்தத் தொடர் 1966 வரை, மொத்தம் 435 பகுதிகள் ஓடியது. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி நான்கு பேரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். ஸ்டுடியோவில் போட்ட செட்கூட அவர்களுடைய ஹாலிவுட் வீட்டின் அச்சுதான்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு பையன் தன் வீட்டைப் போலவே இருக்கும் இன்னொரு வீட்டில், தன் பெயரிலேயே இருக்கும் இன்னொரு பையனாக, வாராவாரம் நாடு முழுவதும் தெரிகிறான். பல் விழுந்து முளைப்பது, குரல் உடைவது, முதல் காதல் எல்லாமே பொதுச்சொத்து. பின்னாளில் அவர் அவ்வளவு அமைதியான, தன்னை வெளியே காட்டாத மனிதராக இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா கையில் டிவி தொடர் இருந்தது. அதனால்தானே பாடகர் ஆனார்?

ஆமாம், கதவைத் திறந்தது டிவிதான்.

பலரும் சொல்லும் கதை இது. பதினாறு வயதில் ரிக்கி ஒரு பெண்ணைக் காரில் அழைத்துக்கொண்டு போகிறார். வானொலியில் எல்விஸ் பாட்டு வருகிறது, அந்தப் பெண் உருகிப்போகிறாள். ரிக்கிக்குப் பொறுக்கவில்லை. "நானும் ஒரு ரெக்கார்ட் போடப்போகிறேன்" என்று சொல்லிவிடுகிறார். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே! அப்பாவிடம் போய் நிற்கிறார். 1957 மார்ச்சில் வெர்வ் என்ற ரெக்கார்ட் நிறுவனத்துக்காக, கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டோமினோவின் 'ஐம் வாக்கின்' பாட்டைப் பாடிப் பதிவு செய்கிறார். ஏப்ரல் 10 அன்று ஒளிபரப்பான பகுதியில் அதே பாட்டைப் பாடுகிறார். அவ்வளவுதான். அந்த ரெக்கார்டின் இரண்டு பக்கமும் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டன. மறுபக்கத்தில் இருந்த 'எ டீனேஜர்ஸ் ரொமான்ஸ்' இரண்டாம் இடம்வரை போனது.

ஆசி நெல்சன் கெட்டிக்காரர். இளவட்டங்களின் பட்டாளம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், தொடரின் முடிவில் ரிக்கி ஒரு பாட்டுப் பாடுவதை வழக்கமாக்கினார். மற்ற பாடகர்கள் வானொலி நிலையம் நிலையமாக அலைய வேண்டியிருந்த காலத்தில், ரிக்கியின் புதுப்பாட்டு நேராக வீட்டுக் கூடத்துக்கே போய்விடும். விளம்பரத்துக்குக் காசும் கிடையாது. இந்தச் சலுகையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கதவு திறந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஃபேபியன், ஃபிராங்கி அவலோன் என்று ஒரு வரிசையே கிளம்பியது. மேனேஜர் தேர்ந்தெடுத்த பாட்டு, மேனேஜர் தேர்ந்தெடுத்த உடை, டிக் கிளார்க்கின் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சி என்று அவர்களுக்கு எல்லாம் தயாராக இருந்தது. ரிக்கிக்கும் அந்த வழி திறந்தே கிடந்தது. அவர் அதில் போகவில்லை. பாடகர் கார்ல் பெர்கின்ஸ் மாதிரி, மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பதிவுகள் மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வெர்வை விட்டு 1957-லேயே இம்பீரியல் நிறுவனத்துக்கு மாறியதும், ஸ்டுடியோவில் வாசிக்கும் பெரியவர்களை நம்பி இருக்காமல் தன் வயதுப் பையன்களைக் கொண்டு சொந்தக் குழு ஒன்றைக் கட்டினார். அந்தக் குழுதான் அவரை இன்றுவரை கேட்க வைக்கிறது.

கறுப்பினப் பாடகர் ஒருவரின் பாட்டை எடுத்துப் பாடி முன்னேறியவர்தானே?

முதல் பாட்டைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு சரி. 'ஐம் வாக்கின்' ஃபேட்ஸ் டோமினோவும் டேவ் பார்த்தலோமியூவும் எழுதியது. டோமினோவின் ரெக்கார்ட் கடைக்கு வந்து சில வாரங்களுக்குள் ரிக்கியுடையதும் வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பையன் பாடினால்தான் போடுவோம் என்றிருந்த வானொலி நிலையங்களும், டோமினோவுக்குக் கிடைக்காத டிவி மேடையும் ரிக்கிக்குத் துணை நின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது உசத்தி என்பதில் சந்தேகமே வராது. டோமினோவின் பதிவில் இருக்கும் உருட்டும் துள்ளலும் ரிக்கியிடம் இல்லை. பதினாறு வயசுப் பையன் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான், அவ்வளவே.

அதற்கப்புறம் அவர் அந்த வழியில் அதிகம் போகவில்லை. தனக்கென்றே எழுதப்பட்ட பாட்டுகளைத் தேட ஆரம்பித்தார். மெம்ஃபிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்த ஜானி பர்னெட், டார்சி பர்னெட் சகோதரர்கள் நெல்சன் வீட்டு வாசலிலேயே காத்திருந்து, ரிக்கி வந்ததும் பாடிக் காட்டினார்கள். 'வெயிட்டின் இன் ஸ்கூல்', 'பிலீவ் வாட் யூ சே', 'இட்ஸ் லேட்' எல்லாம் அந்தச் சகோதரர்கள் வழியாக வந்தவை.

டோமினோவுக்கும் ரிக்கிக்கும் மனக்கசப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருவரும் இம்பீரியலில் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். 1985-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். அந்தக் கச்சேரியின் ஒளிப்பதிவு இருக்கிறது.

எல்விஸின் மென்மையான நகல் என்கிறார்களே?

இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எல்விஸ் 1958 மார்ச்சில் ராணுவத்துக்குப் போய் 1960 மார்ச்சில்தான் திரும்பினார். அந்த இரண்டு வருடத்தில் ரிக்கியின் கொடி உயரப் பறந்ததால், காலி நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ற பேச்சு வந்தது. தலைமுடி, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் எல்விஸை நினைவூட்டுவதும் உண்மை.

குரலைக் கேளுங்கள். எல்விஸ் ஒரு வரிக்குள் விம்முவார், உறுமுவார், திக்குவார். ரிக்கி எதையும் அப்படிச் செய்வதில்லை. அவருடைய குரலின் எல்லை சின்னது. அது அவருக்கே தெரியும். உரக்கப் போக வேண்டிய இடத்தில்கூடப் பேசுகிற மாதிரி நேராகப் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பின்னால் கிட்டார் பற்றி எரியும். முன்னால் இவர் சலனமே இல்லாமல் நிற்பார். இந்த அடக்கம் வேறு யாரிடமும் இல்லை. 'லோன்சம் டவுன்' பாட்டில் ஒரே ஒரு கிட்டாரும், ஜோர்டனேர்ஸ் குழுவின் பின்குரலும்தான். டிரம்ஸ் கிடையாது. பேக்கர் நைட் எழுதிய பாட்டு, 1958-இல் ஏழாம் இடம்வரை வந்தது. காதலில் தோற்றவர்கள் போய்ச் சேரும் ஓர் ஊரைப் பற்றிய பாட்டு அது. அதை அழுது பாடியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். அவர் அழாமல் பாடினார். பாப் டிலன் 1986-இல் மேடையில் அதைப் பாடினார். பால் மக்கார்ட்னி 1999-இல் பதிவு செய்தார். 'பல்ப் ஃபிக்ஷன்' படம் பார்த்தவர்கள் ஏற்கெனவே ரிக்கியின் குரலிலேயே கேட்டிருப்பீர்கள்.

ஜேம்ஸ் பர்ட்டன் என்ற பெயரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ரிக்கியின் பாட்டுகளில் கிட்டார் வாசித்தவர். லூசியானாக்காரர், ரிக்கியைவிட ஒரு வயது மூத்தவர். டேல் ஹாக்கின்ஸின் 'சூசி கியூ' பாட்டில் வரும் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் வரி இவருடையது. அதை வாசித்தபோது இவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் நெல்சன் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

அவர் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க 'ஹலோ மேரி லூ' போதும். பாட்டு இரண்டேகால் நிமிடம் சொச்சம். பசுவின் கழுத்து மணி போல ஒரு தட்டலோடு தொடங்குகிறது. ரிக்கி இரண்டு சுற்றுப் பாடி முடித்ததும் பர்ட்டனின் டெலிகாஸ்டர் கிட்டார் உள்ளே வருகிறது. வேகமாக ஓடிக் காட்டுகிற வாசிப்பு இல்லை. ஒரு சுரத்தை அழுத்தி வளைத்து அடுத்த சுரத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார், அங்கிருந்து கீழே சறுக்கி இன்னொன்றைக் கிள்ளுவார். அந்தக் காலத்து கிட்டார் கம்பிகள் தடிமனானவை, இப்படி வளைக்கக் கொடுக்காது. அதனால் பர்ட்டன் பான்ஜோ கம்பிகளை வாங்கித் தன் கிட்டாரின் மெல்லிய பக்கத்தில் மாட்டிக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு), நடுவிரலில் இன்னொரு பிக். கம்பியைக் கையால் உடனே அடக்கிவிடுவதால் ஒவ்வொரு சுரமும் கோழி கொத்துகிற மாதிரி சடக்கென்று நிற்கும். சில நொடிகளில் முடிந்துவிடுகிற அந்தத் தனி வாசிப்பை குவீன் குழுவின் பிரையன் மே பெரிதாக மதித்தார். அவர்கள் 1986-இல் வெம்ப்ளி மைதானத்தில் அந்தப் பாட்டையே பாடினார்கள்.

1969-இல் எல்விஸ் மறுபடி மேடையேறியபோது கிட்டாருக்கு பர்ட்டனைத்தான் கூப்பிட்டார். எல்விஸ் சாகும்வரை அவர்தான் கூட இருந்தார். இதையெல்லாம் பர்ட்டனின் பெருமையாக மட்டும் சொல்கிறார்கள். பதினேழு வயதில் அவரைக் கேட்டதும் "இவர்தான் வேண்டும்" என்று பிடித்துப்போட்டது ரிக்கியின் காது. பாட்டின் நடுவில் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கியதும் ரிக்கிதான். அந்தக் காதுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் 'நம்பர் ஒன்' இவருடையதா?

ஆமாம். 1958 ஆகஸ்ட் 4 அன்று பில்போர்டு பத்திரிகை ஹாட் 100 பட்டியலை முதல்முறை வெளியிட்டபோது உச்சியில் இருந்தது 'புவர் லிட்டில் ஃபூல்'. எழுதியவர் ஷாரன் ஷீலி என்ற இளம்பெண். ரிக்கிக்கே அந்தப் பாட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பார்கள். எனக்கும் அது அவருடைய சிறந்த பாட்டுகளில் ஒன்றாகப் படவில்லை. இரண்டாவது நம்பர் ஒன் 1961-இல் வந்த 'டிராவலின் மேன்'.

'டிராவலின் மேன்' குப்பைத்தொட்டியிலிருந்து வந்த பாட்டு என்பது நிஜமா?

ஜெர்ரி ஃபுல்லர் எழுதிய பாட்டு. அவர் பாடகர் சாம் குக்கை மனதில் வைத்துத்தான் எழுதினார், மாதிரிக்காகப் பாடிய டெமோ பதிவை சாம் குக்கின் ஆட்களிடம்தான் கொடுத்தார். அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த அலுவலகத்துக்கு அடுத்த அறை இம்பீரியல் நிறுவனத்துடையது. சுவருக்கு அப்பாலிருந்து பாட்டைக் கேட்டு, "அதை எங்களுக்குத் தர முடியுமா?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது. ஊருக்கொரு காதலி வைத்திருக்கும் ஒரு பயணியின் பாட்டு அது. சாம் குக் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதும் ஒரு சுகம்.

ஆசி இதிலும் ஒரு வேலை செய்தார். தொடரில் ரிக்கி இந்தப் பாட்டைப் பாடும் காட்சியில், பாட்டில் வரும் வெளிநாட்டு இடங்களின் படங்களை அவர்மேல் கலந்து ஓட விட்டார். இசை வீடியோவின் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ரெக்கார்டின் மறுபக்கம் என்ன தெரியுமா? 'ஹலோ மேரி லூ'. ஜீன் பிட்னி எழுதியது, ஒன்பதாம் இடம்வரை வந்தது. ஒரே தட்டில் இரண்டு பொக்கிஷம்.

சினிமாவிலும் நடித்தாரா?

நடித்தார். ஒரே ஒரு படம் பார்த்தால் போதும்: ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ரியோ பிராவோ', 1959. ஜான் வெயின், டீன் மார்ட்டின் ஆகியோருக்கு நடுவில் கொலராடோ என்ற இளம் துப்பாக்கிக்காரனாக வருகிறார். பெரிதாக நடிப்பதில்லை, அளந்துதான் பேசுகிறார், அதுவே பாத்திரத்துக்குப் பொருந்திப் போகிறது. சிறைக்கூடத்தில் அடைபட்டு எதிரிகளுக்காகக் காத்திருக்கும் இரவில் டீன் மார்ட்டின் படுத்தபடி பாட, ரிக்கி கிட்டாரோடு சேர்ந்துகொள்ளும் காட்சிக்காகவே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ரிக்கி எப்போது 'ரிக்' ஆனார்? புகழ் ஏன் இறங்கியது?

1961-இல், இருபத்தொரு வயது நிரம்பியதும் பெயரை ரிக் நெல்சன் என்று மாற்றிக்கொண்டார். 1963-இல் கிறிஸ்டின் ஹார்மனைத் திருமணம் செய்தார். அவரும் பிறகு தொடரில் மருமகளாகவே வந்தார். அதே வருடம் டெக்கா நிறுவனத்தோடு 20 வருட ஒப்பந்தம், பத்து லட்சம் டாலர். 1964 தொடக்கத்தில் 'ஃபார் யூ' ஆறாம் இடம் வந்தது. அடுத்த சில வாரங்களில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அதோடு ஒரு தலைமுறை அமெரிக்கப் பாடகர்களின் கடை கிட்டத்தட்ட மூடப்பட்டது. 1966-இல் தொடரும் நின்றது. இருபத்தாறு வயதில் அவர் பழைய ஆள் ஆகிவிட்டார்.

அதற்கப்புறம் சும்மா இருந்தாரா?

இல்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1966-லும் 1967-லும் இரண்டு கன்ட்ரி இசை ஆல்பங்கள் போட்டார். யாரும் வாங்கவில்லை. 1969-இல் ஸ்டோன் கேன்யன் பேண்ட் என்ற குழுவை அமைத்தார். பாஸ் கிட்டார் ராண்டி மைஸ்னர், பின்னாளில் ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கன்ட்ரி இசைக்கே உரிய ஸ்டீல் கிட்டாருக்கு டாம் பிரம்லி, கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸின் குழுவிலிருந்து வந்தவர். அந்த வருடமே லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் அரங்கில் பாடிய கச்சேரி ஆல்பமாக வந்தது. டிலனின் 'ஷீ பிலாங்ஸ் டு மீ' பாட்டை அவர் பாடிய விதத்தில் கன்ட்ரியும் ராக்கும் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கும். ஈகிள்ஸ் அந்த ஒலியை வைத்து உலகப் புகழ் பெறுவதற்குச் சில வருடம் முந்தைய வேலை இது. கன்ட்ரி ராக்கின் முன்னோடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை.

மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது என்ன?

1971 அக்டோபர் 15, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். பழைய ராக் அண்ட் ரோல் நட்சத்திரங்களைக் கூட்டி ரிச்சர்ட் நேடர் நடத்திய கச்சேரி. சக் பெரி, போ டிட்லி, பாபி ரைடல் எல்லோரும் இருந்தார்கள். இப்படிப்பட்ட பழைய நினைவுக் கச்சேரிகளை ரிக் அதுவரை தவிர்த்தே வந்தார். இந்த முறை ஒப்புக்கொண்டார்.

கூட்டம் எதிர்பார்த்தது 1958-இன் பையனை. வாரிய முடி, ஸ்வெட்டர், அந்தச் சிரிப்பு. மேடைக்கு வந்தவரோ முப்பத்தொரு வயது மனிதர், தோள்வரை முடி, ஊதா நிற வெல்வெட் சட்டை, பெல்பாட்டம், கூடவே ஸ்டீல் கிட்டார் உள்ள ஒரு குழு. முதலில் 'பீ-பாப் பேபி', 'ஹலோ மேரி லூ' போன்ற பழைய பாட்டுகளையும் பாடத்தான் செய்தார். பிறகு ரோலிங் ஸ்டோன்ஸின் 'கன்ட்ரி ஹாங்க்' பாட்டுக்குப் போனதும் கூச்சல் கிளம்பியது. பின்வரிசையில் ரகளை செய்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியதற்கு எதிரான கூச்சல் அது என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, ரிக் அதைத் தனக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டார். மேடையை விட்டுப் போய்விட்டார்.

வேறு ஒருவராக இருந்தால் அடுத்த கச்சேரிக்குப் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார், அல்லது பாடுவதையே விட்டிருப்பார். அவர் உட்கார்ந்து அந்த இரவையே பாட்டாக எழுதினார். 'கார்டன் பார்ட்டி'. மேலோட்டமாகக் கேட்டால் தோட்டத்து விருந்துக்குப் போன கதை. உள்ளே எல்லாம் ஜாடை. பீட்டில்ஸின் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோவும் வந்துபோகிறார்கள், சக் பெரியின் பாட்டுத் தலைப்பு ஒரு மனிதனாக நடமாடுகிறது, அவருடைய சொந்தப் பழைய பாட்டுகளும் எட்டிப் பார்க்கின்றன. எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது, தன் மனசுக்குப் பிடித்ததைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று பல்லவி சொல்கிறது. பழைய நினைவுகளை மட்டுமே பாடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் லாரி ஓட்டப் போய்விடுவேன் என்கிறார் ஓரிடத்தில். இவ்வளவையும் சொல்லும்போது குரலில் கோபமே இல்லை என்பதுதான் ஆச்சரியம். நடந்ததை ஒரு நண்பரிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார்.

1972-இல் வந்த அந்தப் பாட்டு ஹாட் 100-இல் ஆறாம் இடம் பிடித்தது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அவர் சொந்தமாக எழுதிய பாட்டு, அவருடைய குழு, அவருடைய ஒலி. அதுதான் அவருடைய கடைசிப் பெரிய வெற்றியும்கூட.

எப்படி இறந்தார்? போதைப்பொருளால் விமானம் எரிந்தது என்கிறார்களே?

1970-களின் பிற்பகுதியிலிருந்து பண நெருக்கடி. 1982-இல் விவாகரத்து முடிந்தது, அதில் கரைந்ததும் அதிகம். வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1985-இல் அலபாமா மாநிலத்தின் கன்டர்ஸ்வில் ஊரில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி. பட்டி ஹாலியின் 'ரேவ் ஆன்' பாட்டோடு அதை முடித்தார் என்பார்கள். பட்டி ஹாலியும் விமான விபத்தில் போனவர்தான், 1959-இல்.

டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக் கச்சேரிக்காக டாலஸ் நோக்கிப் புறப்பட்ட அவருடைய பழைய டிசி-3 விமானத்தில் தீப்பிடித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டி கால்ப் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயலில் இறக்கினார்கள். விமானிகள் இருவரும் தீக்காயங்களோடு தப்பினார்கள். ரிக், அவர் மணக்க இருந்த பெண், குழுவைச் சேர்ந்தவர்கள் என ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவருக்கு வயது 45.

விமானத்துக்குள் போதைப்பொருள் காய்ச்சியதால்தான் தீ என்று சில நாட்களிலேயே பத்திரிகைகள் எழுதின. அவர் உடலில் கொக்கைன் தடயம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தக் கதைக்கு ஆதாரம் எதையும் காணவில்லை. தீ எப்படிப் பற்றியது என்று வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பயணிகள் அறையைச் சூடாக்கும் கருவிமேல் சந்தேகம் இருந்தது. வதந்தி முதல் பக்கத்தில் வந்தது, அறிக்கை வந்தபோது படித்தவர்கள் குறைவு. நாற்பது வருடம் ஆகியும் அந்த வதந்தியைத்தான் முதலில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களைத் திருத்துவது அவரைக் கேட்கிறவர்களின் கடமை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் யாராவது பாடுகிறார்களா?

இரட்டையர்கள் மேத்யூவும் கன்னரும் 'நெல்சன்' என்ற பெயரில் குழு அமைத்து 1990-இல் ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தார்கள். தாத்தா ஆசிக்கு 1935-லேயே ஒரு முதலிடப் பாட்டு உண்டு. மூன்று தலைமுறையும் முதலிடம் தொட்ட குடும்பம். மகள் டிரேசி நடிகை. ரிக் 1987-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அறிமுக உரை ஆற்றியவர் ஜான் ஃபோகர்ட்டி. அவருடைய கிரீடன்ஸ் குழுவும் 'ஹலோ மேரி லூ' பாடியிருக்கிறது.

சரி, எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

நல்ல ஹெட்ஃபோனோடு 'பிலீவ் வாட் யூ சே'. ரிக்கியின் பதிவுகளில் பர்ட்டன் முன்னணி கிட்டாரை முதன்முதலாக எடுத்துக்கொண்டது இதில்தான், இரண்டு பேருக்கும் எவ்வளவு உற்சாகம் என்பது காதில் விழும். அடுத்து 'லோன்சம் டவுன்'. அது இரவில் கேட்க வேண்டிய பாட்டு. 'ஹலோ மேரி லூ' பாட்டை இரண்டு முறை கேளுங்கள்: முதல் முறை பாட்டுக்காக, இரண்டாவது முறை கிட்டாருக்காக மட்டும். 'இட்ஸ் லேட்' காருக்கு ஏற்றது. ட்ரூபடோர் ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள், பாட்டுகளுக்கு நடுவில் அவர் கூச்சத்தோடு பேசுவதும் அதில் சேர்த்தி. 'கார்டன் பார்ட்டி' கடைசியில் வரட்டும். மற்றதெல்லாம் தெரிந்த பிறகு கேட்டால்தான் அதில் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பிடிபடும். 'புவர் லிட்டில் ஃபூல்' நேரம் இருந்தால் கேளுங்கள்.